பக்கத்துக் காலி சைட்டும் பதினாறு புகாரும்: பெங்களூரில் இதற்கு என்னதான் வழி?

மூணாவது_கிராஸ் · ஞாயிறு காலை 8.10

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரின் கிழக்குப் பக்கம் ஒரு பழைய லேஅவுட்டில் 11 வருடமாக இருக்கிறோம். எங்கள் காம்பவுண்டை ஒட்டி ஒரு தர்ட்டி ஃபார்ட்டி சைட், அதாவது முப்பதுக்கு நாற்பது அடி வீட்டு மனை, காலியாகக் கிடக்கிறது. ஓனரைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. துபாயில் இருக்கிறார் என்பார் ஒருவர். அவர் கண்ணை மூடி அஞ்சு வருஷம் ஆகிறது என்பார் இன்னொருவர்.

முதல் சில வருடம் பார்த்தீனியமும் ஆமணக்கும்தான். அதுகூடப் பரவாயில்லை. 2022இல் ஒரு ராத்திரி எவனோ வீடு இடித்த கல்லையும் மண்ணையும் டிராக்டரில் கொண்டுவந்து தட்டிவிட்டுப் போனான். மறு வாரம் அந்தக் குவியல் மேல் ஒரு கறுப்புக் கவர். முதல் கவர் விழுகிற வரைக்கும்தான் அது சைட். அப்புறம் குப்பைமேடு. இப்போது நாலு தெரு தள்ளி இருப்பவர்கள்கூட பைக்கை நிறுத்தாமலே வீசிவிட்டுப் போகிறார்கள். குறி தப்பினால் எங்கள் கேட்டில் விழும்.

நேற்று மாடியில் துணி காயப்போடப் போனபோது எண்ணிப் பார்த்தேன். கட்டிய கவர் முப்பத்து நாலு. இளநீர்க் கூடு ஒரு மூட்டை. உடைந்த கமோட் ஒன்று. கண்ணாடி போன சாமி படம் மூன்று. பஞ்சு பிதுங்கும் மெத்தை ஒன்று, அதன் மேல் நாய் குட்டி போட்டிருக்கிறது. 2024 மழையில் மாமியாருக்கு டெங்கு வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. கொசு அங்கிருந்துதான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த கமோட்டில் தண்ணீர் நிற்கிறது.

ஆப், போன், நேரில் எல்லாம் சேர்த்து 16 புகார் கொடுத்தாகிவிட்டது. எல்லாமே "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டவை. ஒருமுறை தீர்த்ததற்கு ஆதாரமாக வேறு ஏதோ தெருவின் படத்தைப் போட்டிருந்தார்கள். அந்தத் தெரு உண்மையிலேயே சுத்தமாக இருந்தது.

கேள்வி இதுதான்: ஓனர் மேல் கேஸ் போட முடியுமா? மற்ற ஊர்களில் இதற்கு என்ன செய்கிறார்கள்?

ஃபில்டர்காபி · 8.42

சார், சுவரில் சாமி டைல்ஸ் ஒட்டிப் பார்த்தீர்களா? பிள்ளையார், மாதா, மெக்கா மூன்றும் சேர்த்து விற்கிறார்கள்.

மூணாவது_கிராஸ் · 8.50

ஒட்டினோம் தம்பி. ஒன்றுக்குப் போவது நின்றது. குப்பை நிற்கவில்லை. டைல்ஸுக்கு ரெண்டடி தள்ளி, மரியாதையாக வைத்துவிட்டுப் போகிறார்கள்.

ஃபில்டர்காபி · 8.53

அப்படியானால் சைட் நடுவில் ஒரு நிஜப் பிள்ளையாரே வைத்துவிடுங்கள். ஆறு மாசத்தில் கோபுரம் வந்துவிடும். ஓனரும் எங்கிருந்தாலும் ஓடி வந்துவிடுவார்.

பழைய_ஓவர்சியர் · 11.20

நகராட்சி வேலையில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். எந்த ஊர் என்பது வேண்டாம்.

உள்ளே இருந்து பார்த்தால் இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். புகார் வந்ததும் இன்ஸ்பெக்டர் பார்ப்பது ஒன்றே ஒன்று: குப்பை ரோட்டில் கிடக்கிறதா, சைட்டுக்குள் கிடக்கிறதா? ரோட்டில் என்றால் அவர் வேலை. உள்ளே என்றால் "பிரைவேட் பிராப்பர்ட்டி". தனியார் இடத்தைப் பொதுப்பணத்தில் சுத்தம் செய்தால் ஆடிட்டில் கேள்வி வரும். அதனால் ரோட்டோரம் ரெண்டடியைக் கூட்டி, போட்டோ எடுத்து, புகாரை மூடிவிடுவார். அவரைப் பொறுத்தவரை அது பொய்யும் அல்ல.

ஓனருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் செய்யாவிட்டால் நாமே செய்து, செலவை அவரிடம் வசூலிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சிக்கல் நோட்டீஸை யார் பெயருக்கு அனுப்புவது என்பதில்தான். காத்தா, அதாவது நகராட்சியின் சொத்துப் பதிவு, தாத்தா பெயரில் இருக்கும். முகவரி இருபது வருடத்துக்கு முந்தைய வாடகை வீடு. தபால் திரும்பி வரும், ஃபைலில் சேரும், ஃபைல் தூங்கும்.

இன்னொன்று. 2020 செப்டம்பரோடு பிபிஎம்பி, அதாவது பெங்களூர் மாநகராட்சி, கவுன்சிலின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு பெங்களூரில் வருடக்கணக்காக கார்ப்பரேட்டர் என்று ஒருவர் இல்லாமலே ஓடியது. அவர்களை ஆயிரம் குறை சொல்லலாம், ஆனால் இந்த மாதிரி வேலைக்கு அவர்கள்தான் ஆள். காலையில் வீட்டு வாசலில் போய் நின்றால், ஓட்டுக்காகவாவது ஒரு டிராக்டர் அனுப்புவார். 2025 செப்டம்பர் 2ஆம் தேதி பிபிஎம்பி போய், கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சி வந்துவிட்டது. முதலில் உங்கள் தெரு எதில் வருகிறது என்று பாருங்கள். பழைய ஆபீஸில் கொடுத்த மனுவோடு புது ஆபீஸில் நின்றால் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

கர்நாடகாவில் ஒரு காலத்தில் பேய் வராமலிருக்க வீட்டுச் சுவரில் "நாளே பா" என்று எழுதி வைப்பார்களே, நினைவிருக்கிறதா? பேய் படித்துவிட்டு, சரி நாளைக்கு வருவோம் என்று திரும்பிப் போகுமாம். ஆபீஸில் அதையே மரியாதையாக "நாளே பன்னி" என்பார்கள்.

ஓனர் பெயர் வேண்டுமென்றால் சைட் நம்பரை வைத்து பத்திரப் பதிவுத் துறையின் காவேரி தளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். இ-காத்தாவுக்காக வார்டு வாரியாக வரைவுப் பட்டியலும் இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அதில் பெயர் இருக்கும்.

வக்கீல்_குமாஸ்தா · மதியம் 2.05

நான் வக்கீல் இல்லை, பேரைப் பாருங்கள். ஆனால் கேஸ் கட்டு சுமந்து பழக்கம் உண்டு.

பொதுத் தொல்லைக்கு மூன்று கதவு இருக்கிறது. முதல் கதவு கிரிமினல் பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 290, அதிகபட்ச அபராதம் 200 ரூபாய். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா, 292ஆம் பிரிவு, அபராதம் 1,000 வரை. அவ்வளவுதான். அந்தக் கதவைத் தட்டவே வேண்டாம்.

ரெண்டாவது கதவுதான் உங்களுக்கு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் (சிஆர்பிசி) 133, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152. நிர்வாக மேஜிஸ்ட்ரேட்டிடம் மனு கொடுத்தால், "இத்தனை நாளில் அகற்று, இல்லையென்றால் வந்து காரணம் சொல்" என்று நிபந்தனை உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. ஆள் அசையாவிட்டால் வேலையைச் செய்ய வைத்து, செலவை வசூலிக்கவும் முடியும். ரோட்டோரக் கிணறு, பள்ளத்துக்கு வேலி போடச் சொல்வது, விழப்போகும் சுவர், சாய்ந்த மரம் எல்லாம் இதில் பெயர் சொல்லியே இருக்கிறது. உங்கள் சைட்டில் மூடாத சம்ப் (தரையடித் தண்ணீர்த் தொட்டி) ஏதாவது இருந்தால் அதை முதல் வரியில் எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. "என் வீட்டுக்கு நாற்றம் வருகிறது" என்று எழுதினால் அது தனித் தகராறு என்று தள்ளிவிடுவார்கள். பாதிப்பு பொதுமக்களுக்கு என்று தெரிய வேண்டும். தெருவில் இருபது பேர் கையெழுத்து, டெங்கு வந்தவர்களின் ஆஸ்பத்திரிக் காகிதம், தேதி போட்ட போட்டோ, மூடிய 16 புகாரின் நகல். கடைசியாகச் சொன்னதுதான் உங்கள் சொத்து, பத்திரமாக வையுங்கள்.

மூன்றாவது, சிவில் நடைமுறைச் சட்டம் 91. உங்களுக்குத் தனியாக நஷ்டம் இல்லாவிட்டாலும், ரெண்டு பேர் சேர்ந்து கோர்ட் அனுமதியோடு வழக்குப் போடலாம். நடக்கும். எப்போது முடியும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இந்த 133இன் குலதெய்வம் ரத்லாம் வழக்கு. மத்தியப் பிரதேசத்தில் ஒரு வார்டு ஜனங்கள். தெருவில் திறந்த சாக்கடை, சாராய ஆலைக் கழிவு, கழிப்பறை இல்லை. மேஜிஸ்ட்ரேட்டிடம் போனார்கள். நகராட்சி "எங்களிடம் காசு இல்லை" என்று சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் நின்றது. 1980இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்தச் சாக்கை ஏற்க மறுத்து, வேலையை முடி என்றார். அங்கே எதிர்த்தரப்பு ஓனர் இல்லை, நகராட்சியே. ஆகவே உங்கள் மனுவில் ஓனரை மட்டும் இழுக்காதீர்கள், ஆபீஸையும் சேருங்கள்.

டெட்ராய்ட்_தம்பி · இரவு 9.30

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பிறந்து, இப்போது மிச்சிகனில் இருக்கிறேன். மற்ற ஊர்களைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன்.

இங்கே டெட்ராய்ட்டில் 1950இல் 18 லட்சத்துக்கு மேல் ஜனம். 2010 கணக்கெடுப்பில் 7 லட்சத்துச் சொச்சம். நகராட்சியே 2013இல் திவால் மனு கொடுத்தது. ஆட்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, வரியும் கட்டாமல் போய்விட்டார்கள். கூரை எரிந்த வீடுகள், கழுத்து உயரப் புல். வரி கட்டாத சொத்தை எடுத்துக்கொள்ள நில வங்கி என்று ஒன்று வைத்தார்கள். நிறைய இடித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் காலி மனையைக் கேட்டால் 100 டாலருக்கு அவருக்கே எழுதிக் கொடுத்தார்கள். என் ஆபீஸ் நண்பர் ஒருவர் அப்படி வாங்கிய மனையில் கத்தரிக்காய் போடுகிறார்.

பிலடெல்பியாவில் இன்னும் எளிமை. ஓனரைத் தேடிக்கொண்டு நிற்காமல், மனையைச் சுத்தம் செய்து, புல் விதைத்து, ரெண்டு மரம் நட்டு, இடுப்பளவு மரவேலி போட்டார்கள். வேலியில் ஆள் நுழைய வழி உண்டு. பூட்டு கிடையாது. 541 மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆய்வு செய்தபோது, ஏழைப் பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்திருந்தது.

ஆனால் இதையெல்லாம் அப்படியே பெங்களூருக்குக் கொண்டுவரலாம் என்று நான் சொல்ல மாட்டேன். இங்கே மனை சீரழிந்தது அதற்கு மதிப்பு இல்லாததால். உங்கள் பக்கத்து சைட் சீரழிவது அதன் மதிப்பு கண்டபடி ஏறுவதால். கோடிக்கு மேல் போகிற தர்ட்டி ஃபார்ட்டியை 100 டாலருக்கு யார் தருவார்? ஓனர் சும்மா இருந்தாலே அவருக்கு லாபம். குப்பை விழுந்தாலும் விலை குறையாது, வாங்குகிறவன் ஜேசிபி விட்டு வழித்துவிட்டு வீடு கட்டுவான். அதனால் டெட்ராய்ட்டைவிட வான்கூவர்தான் உங்களுக்கு நெருக்கம். கனடாவில் அந்த ஊரில் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு 2017இல் மதிப்பில் 1 சதவீதம் தனி வரி போட்டார்கள். 2021இல் அதை 3 ஆக்கினார்கள்.

மூணாவது_கிராஸ் · 9.55

தம்பி, நீங்கள் சொன்ன பிறகுதான் உறைக்கிறது. டெங்குவைத் தொற்றுநோயாக அறிவித்து 2024 செப்டம்பரில் கர்நாடக அரசு அபராதம் போட்டதே, நகரத்தில் வீட்டுக்கு 400, காலி மனைக்கு 2,000. என் பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் நின்றால் 400. கோடி ரூபாய் சைட்டில் குளமே நின்றாலும் 2,000!

மாட்டுங்கா_பேத்தி · திங்கள் காலை 7.15

மும்பை நிலவரம் வேறு. பாட்டி வீடு மாட்டுங்காவில், மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. தாத்தா காலத்து வாடகை, இன்றைக்கு ஒரு வேளை சாப்பாட்டுக்குக்கூடப் போதாத தொகை. 1947 வாடகைச் சட்டம் வாடகையைப் பழைய நிலையிலேயே நிறுத்திவிட்டது. வீட்டுக்காரர் எங்கிருந்து ரிப்பேர் செய்வார்? பால்கனியில் ஆலஞ்செடி முளைத்து, அதன் வேரைப் பார்த்து எந்த அறை யாருடையது என்று அடையாளம் சொல்லும் நிலைமை. செஸ் என்ற பழுதுபார்ப்பு வரி கட்டுகிற பழைய கட்டடங்களை மஹாடா, அதாவது மாநில வீட்டுவசதி வாரியம், பழுது பார்க்க வேண்டும். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் மிக ஆபத்தான கட்டடங்கள் என்று ஒரு பட்டியல் வரும். பேப்பரில் நம் கட்டடம் இல்லையென்றால் நிம்மதி, இருந்தால் அதைவிடப் பெரிய கவலை. காலி செய்தால் டிரான்சிட் கேம்ப் என்ற தற்காலிகக் குடியிருப்பு. அங்கே போய் இருபது வருஷம் ஆனவர்களை எங்களுக்குத் தெரியும்.

2017 ஆகஸ்ட் 31 காலை பெண்டி பஜாரில் ஹுசைனி கட்டடம் விழுந்து 33 பேர் இறந்தார்கள். அது ஆபத்து என்று எல்லோருக்கும் தெரிந்த கட்டடம்தான்.

எங்கள் ஊரில் பாழடைந்த வீட்டுக்குள் ஆள் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் பாழடைந்த இடத்தில் ஆள் இல்லை. மூணாவது கிராஸ் சார், கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களுடையது கொஞ்சம் வசதியான தலைவலி.

மூணாவது_கிராஸ் · 7.40

கோபம் இல்லை மேடம். ஆஸ்பத்திரி பில்லை மட்டும் ஒருமுறை அனுப்புகிறேன், பாருங்கள்.

சைட்_ஓனர் · காலை 10.05

இந்த இழையை நேற்றிலிருந்து படிக்கிறேன். நான் உங்கள் பக்கத்து சைட்காரன் இல்லை, ஆனால் அந்த ரகம். மஸ்கட்டில் 14 வருடம் பெயிண்டர் சூப்பர்வைசர். சேர்த்த காசில் பெங்களூரில் ஒரு ட்வென்ட்டி தர்ட்டி வாங்கினேன். வீடு கட்டப் பணம் இல்லை. சொத்து வரி கட்டுகிறேன், 2025 ஏப்ரலிலிருந்து அதோடு குப்பைக் கட்டணமும் சேர்த்துக் கட்டுகிறேன். காலி சைட்டில் குப்பை போடுவது யார்? நானா? மஸ்கட்டிலிருந்து கவர் வீசுகிறேனா?

2019இல் லீவில் வந்து 38,000 செலவழித்து நாலடிச் சுவர் கட்டினேன். ஒரு வருடத்தில் ஒரு பக்கச் சுவரைத் தட்டிக் கல்லை எடுத்துப் போய்விட்டார்கள். எடுத்த கல் அதே தெருவில் ஒரு வீட்டு வாசலில் படியாக இருக்கிறது. நானே மிதித்துவிட்டு வந்தேன்.

"யாருக்காவது காய்கறி போடக் கொடுங்களேன்" என்றார்கள். கொடுத்தால்? பன்னிரண்டு வருடம் எதிர்ப்பில்லாமல் அனுபவித்தால் அவனுக்கே பாத்தியம் என்று சட்டம் இருக்கிறது. ஒரு ஷெட் போட விட்டு, காலி செய்ய ஏழு வருடம் கோர்ட்டுக்கு அலைந்த மாமா எனக்கு இருக்கிறார். குப்பையைச் சுத்தம் பண்ண ஒரு நாள் போதும். ஆளைக் கிளப்ப ஆயுசு போதாது. அதனால்தான் சும்மா போட்டிருக்கிறோம். திமிரில் இல்லை.

ராத்திரி_ஷிப்ட் · 10.30

ஓனருக்காக யாரும் கண்ணீர் விட வேண்டாம். பெங்களூர் வளர்ச்சி ஆணையம் (பிடிஏ) சைட் கொடுக்கும்போதே இத்தனை வருடத்தில் வீடு கட்ட வேண்டும் என்று நிபந்தனை போடுகிறது, கட்டாவிட்டால் தண்டம் வாங்குகிறது. தனியார் லேஅவுட்டுக்கும் அதே மாதிரி போட்டால் எல்லாம் சரியாகும். பெயிண்டரோ ஓனரோ, சொத்து வாங்கத் தெரிந்தவருக்கு

நெறியாளர் · 10.41

மேலே ஒரு பதிவின் பாதியை நீக்கியிருக்கிறேன். தொழிலைச் சொல்லிக் கேலி வேண்டாம். பேச்சு சைட்டைப் பற்றி.

மஸ்டர்_மகன் · மாலை 6.20

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அம்மா 22 வருடம் பௌரகார்மிகா, தெருக் கூட்டும் துப்புரவுத் தொழிலாளி. காலை ஆறரைக்கு மஸ்டரிங், அதாவது வருகைப் பதிவு, கைரேகை வைக்க வேண்டும், ரெண்டு நிமிஷம் தாமதம் என்றால் அன்றைய கூலி போச்சு. நீங்கள் எல்லோரும் குப்பைமேடு என்று சொல்கிறீர்களே, அதை முழங்கால் அளவு பார்த்தது அவர்தான். கவரைத் தூக்கினால் அடி கிழியும். உள்ளே முதல் நாள் சாம்பார், அதில் ஊறிய டயப்பர், உடைந்த டம்ளர். பேப்பரில் சுற்றாமல் போட்ட டம்ளர் கிழித்து அம்மாவின் கட்டைவிரலில் ஏழு தையல். அந்த விரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது. கைரேகை மெஷினும் அதை எடுக்காது.

ஓனர் யார் என்று தேடுகிறீர்கள். கவருக்குள் பாருங்கள். கரண்ட் பில், கொரியர் உறை, பள்ளிக்கூட டைரி எல்லாம் இருக்கும். 90 சதவீதம் உங்கள் தெருவும் அடுத்த தெருவும்தான். இந்த 90 நான் சும்மா சொல்லவில்லை, ஒரு நாள் அம்மாவோடு நின்று உறைகளை எண்ணினேன். இருபதில் பதினெட்டு.

ஏன் போடுகிறார்கள்? கெட்டவர்கள் என்பதால் இல்லை. வீடு வீடாகக் குப்பை வாங்கும் ஆட்டோ டிப்பர் உங்கள் தெருவுக்கு எத்தனை மணிக்கு வருகிறது? ஒன்பதேகாலா, ஒன்பதரையா? புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் எட்டுக்கே கிளம்பிவிடுகிறார்கள். பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி) பையன்கள் ராத்திரி ஷிப்ட் முடிந்து அப்போதுதான் தூங்கப் போகிறார்கள். அபார்ட்மென்ட் இல்லாத வீட்டில் பையை யாரிடம் கொடுப்பது? வாசலில் வைத்தால் நாய் கிழிக்கும். பைக்கில் மாட்டிக்கொண்டு போகிறார்கள், வழியில் ஒரு காலி சைட். வண்டி நேரமும் வீட்டு நேரமும் ஒத்துப்போகாத இடத்தில்தான் குப்பைமேடு முளைக்கும். சைட் சும்மா அங்கே கிடந்தது, அவ்வளவுதான்.

2025 அக்டோபர் கடைசியில், தெருவில் எறிந்தவர்களை அதிகாரிகள் படம் பிடித்து அவர்கள் வீட்டு வாசலிலேயே குப்பையைத் திருப்பிக் கொட்டினார்கள், "கசா சுரியுவ ஹப்பா", குப்பை கொட்டும் திருவிழா என்று. டிவியில் எல்லோரும் சிரித்தீர்கள். வாசலில் கொட்டியதை அப்புறம் யார் வழித்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் சைட்டிலிருந்து எடுத்தால் அது காணாமல் போவதில்லை. நகரத்துக் குப்பையெல்லாம் போய்க் கொட்டிய மண்டூர் கிராமத்து ஜனம் வருடக்கணக்காக மூக்கைப் பிடித்துக்கொண்டு இருந்து, போராடி, 2014 டிசம்பர் 1 முதல் வண்டி வரக்கூடாது என்று நிறுத்த வைத்தார்கள். வண்டி வேறு ஊருக்குத் திரும்பியது.

பழைய_ஓவர்சியர் · 6.58

தம்பி சொன்ன வண்டி நேரம் நூற்றுக்கு நூறு சரி. 31 வருடத்தில் இந்த ஒரு விஷயத்தை மேலே சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

மல்லேஸ்வரம், பசவனகுடியில் வீடுகளின் பின்பக்கம் ஒரு சந்து ஓடுமே, கன்சர்வன்சி லேன். எதற்கு என்று இப்போது பலருக்குத் தெரியாது. மலம் அள்ளுகிறவர் முன்வாசல் பக்கம் வரக்கூடாது என்று விட்ட சந்து அது. 1898 பிளேக் காலத்து நகரம், சுத்தத்தை அப்படித்தான் திட்டமிட்டது. அந்தச் சந்துகளில் பல, பிற்காலத்தில் குப்பை கொட்டும் இடமாகிவிட்டன. யார் கண்ணிலும் படாத இடம்தான் முதலில் நாறும்.

ராத்திரி_ஷிப்ட் · இரவு 8.15

சரி, ஓனரை விட்டுவிடுகிறேன். எங்கள் தெருவில் ஒரு பிஜி இருக்கிறது. குப்பை, சத்தம், பைக். அதை மட்டுமாவது தொல்லைச் சொத்து என்று போலீஸில் எழுதிக் கொடுத்து மூட வைக்கலாமா?

டெட்ராய்ட்_தம்பி · 9.10

அண்ணா, பார்த்துச் செய்யுங்கள். மில்வாக்கி என்று ஒரு ஊர். ஒரு வீட்டுக்கு அடிக்கடி போலீஸைக் கூப்பிட்டால் அதைத் தொல்லைச் சொத்து என்று அறிவித்து, வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் போடுவார்கள். அவர் வாடகைக்காரரைக் காலி செய்துவிடுவார். மேத்யூ டெஸ்மண்ட் என்ற சமூகவியலாளர் அந்த நோட்டீஸ்களை எடுத்துப் படித்து 2013இல் வெளியிட்டார். ஏறக்குறைய மூன்றில் ஒன்று குடும்ப வன்முறை சம்பந்தப்பட்டது. அடி வாங்கிய பெண் போலீஸைக் கூப்பிட்டாள், அதனாலேயே வீடு போனது. அடுத்த முறை அவள் கூப்பிட மாட்டாள்.

பிஜியை மூடினால் நாற்பது பையன்கள் அடுத்த தெரு பிஜிக்குப் போவார்கள். அவர்கள் பையும் கூடவே போகும்.

ஃபில்டர்காபி · 9.25

தி அக்லி இந்தியன் என்ற தன்னார்வக் குழு ஆட்கள் 2010இல் சர்ச் ஸ்ட்ரீட்டில் ஆரம்பித்தது நினைவிருக்கிறதா? பெயர் சொல்லாமல், பேச்சு இல்லாமல், ஒரு மூலையை எடுத்துச் சுத்தம் செய்து, வெள்ளை அடித்து, தொட்டி வைத்துவிட்டுப் போவார்கள். "காம் சாலு, மூங் பந்த்": வேலை நடக்கட்டும், வாயை மூடு. இந்த இழையில் நாம் செய்வதற்கு நேர் எதிர்.

மூணாவது_கிராஸ் · ஐந்து வாரம் கழித்து, சனி மாலை 5.30

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

மஸ்டர் மகன் எழுதியதைப் படித்து அன்றிரவு எனக்குக் கோபம்தான் வந்தது. மறுநாள் கையுறை போட்டுக்கொண்டு பன்னிரண்டு கவரைப் பிரித்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. மூன்றாவது கவரில் எங்கள் மாடி வாடகைக்காரரின் கொரியர் உறை. அவர்கள் ரெண்டு பேரும் ஏழரைக்குக் கிளம்புகிறவர்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு டிரம் வைக்க எனக்கு நாலு வருடமாகத் தோன்றவில்லை.

டிப்பர் டிரைவரிடம் பேசினேன். எட்டாவது கிராஸிலிருந்து ஆரம்பித்து எங்கள் தெருவுக்கு வருவது அவர் ரூட். திருப்பி ஓட்டச் சொன்னேன். "எட்டாவது கிராஸ்காரங்க என்னை விடுவாங்களா சார்" என்றார். நியாயம். கடைசியில் நாலு வீட்டு வாசலில் மூடி போட்ட டிரம் வைத்து, வேலைக்குப் போகிறவர்கள் அதில் போட, வீட்டில் இருக்கும் பெரியவர்கள் வண்டி வந்ததும் கொடுப்பது என்று ஏற்பாடு. பிஜி பையன்களுக்கு எதிர்வீட்டு ஆன்ட்டி ஒரு டிரம் ஒதுக்கி, இட்லிப் பொட்டணமும் ஈரக்குப்பையும் ஒன்றாகப் போட்டால் மெஸ் சாப்பாடு நிற்கும் என்று சொல்லிவிட்டார். மெஸ் அவருடையதுதான்.

ஓனர் பெயர் வில்லங்கச் சான்றில் கிடைத்தது. நன்றி ஓவர்சியர் சார். துபாயும் இல்லை, சாவும் இல்லை. மூன்று அண்ணன் தம்பிகளுக்குள் பாகப்பிரிவினை வழக்கு. நடுத்தம்பி ஓசூரில் இருக்கிறார். நேரில் போனேன், காபி கொடுத்தார். சுத்தம் செய்ய எழுத்தில் அனுமதி கொடுத்தார், ஒரே நிபந்தனையோடு: "என்ன வேணா செய்யுங்க, பிள்ளையார் மட்டும் வெச்சிடாதீங்க." ஃபில்டர்காபி, உங்களை நினைத்துக்கொண்டேன்.

மேஜிஸ்ட்ரேட்டுக்கு மனுவும் போட்டிருக்கிறோம், 23 கையெழுத்தோடு. இன்னும் கேஸ் நம்பர் ஆகவில்லை.

செலவு: ஜேசிபி நாலு மணி நேரம் 5,200. டிராக்டர் ஆறு லோடு 10,800. ஆள் கூலி 4,000. பச்சை வலை, கம்பம் 6,400. மொத்தம் 26,400. பதினோரு வீடு, தலைக்கு 2,400. ரெண்டு வீடு இன்னும் தரவில்லை. தெருவிலேயே பெரிய கார் வைத்திருப்பவர்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். நாய்க்குட்டிகள் நாலும் இப்போது என் போர்டிகோவில், அதே மெத்தை மேல்.

வலை போட்ட மூன்றாம் நாள் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில், நாற்பது அடி தள்ளி, ஒரு கறுப்புக் கவர். அன்றிலிருந்து முறை போட்டுக் காலை ஆறரைக்கு ஒருவர் அங்கே நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கிறோம். திட்டுவதில்லை. "டிரம் அங்கே இருக்கிறது" என்று கை காட்டுவதோடு சரி. வரவு குறைந்திருக்கிறது.

ஒன்று உறுத்துகிறது. நாலு லோடு போன பிறகுதான் டிராக்டர்காரரிடம் எங்கே கொட்டுகிறீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் நீங்க கேக்காதீங்க சார்" என்றார். அப்போதே மிச்சத்தை நிறுத்திவிட்டேன். ஆறுக்கும் பணம் கொடுத்தாகிவிட்டது, ரெண்டு லோடு மூலையில் கிடக்கிறது.

மஸ்டர்_மகன் · 6.05

சார், சிக்கஜாலாவில் கட்டட இடிபாட்டை அரைத்து மணலும் ஜல்லியுமாக்கும் ஆலை இருக்கிறது. அங்கே போகச் சொல்லுங்கள். குப்பையையும் கல்லையும் பிரித்து ஏற்றுங்கள், கலந்திருந்தால் உள்ளே விட மாட்டார்கள்.

மூணாவது_கிராஸ் · 6.40

பேசிவிட்டேன் தம்பி. தூரம் அதிகம், லோடுக்கு இன்னும் 900 வேண்டும் என்கிறார். ரசீதைக் கொண்டுவந்து காட்டினால் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நாளைக் காலை ஏழு மணிக்கு வண்டி. கல் பொறுக்க மாடி வாடகைக்காரரும் வருகிறார்.